கேள்வி ஞானம்: ஷினிச்சி சுசுகியும் பிள்ளைகளின் வயலினும்



புனே நகரில் சிம்பயோசிஸ் நிறுவனத்தின் பொறுப்பில் அம்பேத்கர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பாபாசாகேப் புழங்கிய பொருட்களோடு ஒரு வயலினும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வயது ஏறிய பிறகு அவர் வயலின் கற்றுக்கொண்டார். அரசியல் சட்டம், பொருளாதாரம், பௌத்தம் என்று அவரைத் தேடிப் படிக்கிற நாம் அந்த வயலினைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். குளத்துத் தண்ணீருக்காகப் போராடிய மனிதர் வில்லையும் தந்தியையும் எதற்காகக் கையில் எடுத்தார்? ஆசைப்பட்டார், கற்றார். பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசை யாருக்கு அனுமதிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால் அது நீண்ட வரலாறு.

சில ஆண்டுகளுக்கு முன், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளையை நகரத்தில் ஒரு இசை வகுப்புக்கு அழைத்துப் போனோம். பாடச் சொல்லிக் கேட்டார்கள். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்றும் கேட்டார்கள். கடைசியில், “குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் பரம்பரையா வரணும்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அந்தப் பிள்ளையின் அப்பா பறை அடித்ததைக் கேட்ட ஒரு பெரிய மனிதர், “இவங்களுக்கு ரத்தத்திலேயே ஓடுது” என்று மெச்சினார். மகளுக்குச் சொன்னது வசை, அப்பாவுக்குச் சொன்னது பாராட்டு என்று அப்போது நினைத்தோம். யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே பேச்சு என்று புரிந்தது. மகளுக்கு வராது என்பதற்கும் பிறப்பே காரணம். அப்பாவுக்கு வந்துவிட்டது என்பதற்கும் பிறப்பே காரணம். ஆறு வயதிலிருந்து அப்பாவுக்குப் பின்னால் நடந்து, தப்பைத் தீயில் காய்ச்சி, விரல் வெடித்து, அடிவாங்கிக் கற்ற அந்த மனிதரின் உழைப்பு முழுவதும் அந்தப் பாராட்டில் காணாமல் போகிறது.

இந்த ரத்தக் கதையை ஒரு வயலின் ஆசிரியர் எழுபது ஆண்டு உழைத்து உடைத்துக் காட்டினார். அவர் தமிழரும் அல்ல, தலித்தும் அல்ல. ஜப்பானில் நகோயா நகரில் 1898-ல் பிறந்து, 1998 ஜனவரியில், நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது மறைந்த ஷினிச்சி சுசுகி. அவருடைய பயிற்சி எப்படி அமைந்தது, பிள்ளைகளுக்கு அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மசாகிச்சி சுசுகி ஷாமிசென் செய்கிறவர். ஷாமிசென் என்பது மூன்று தந்தி உள்ள ஜப்பானிய வாத்தியம். அதன் குடத்துக்குப் பூனைத்தோலோ நாய்த்தோலோ போர்த்துவார்கள். கீழ்நிலை சாமுராய் குடும்பம், வருமானம் போதாமல் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். ஜப்பானிலும் தோல் தொட்டவர்களைத் தீண்டத்தகாதவர்களாக்கி ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்று புராக்குமின் என்று அறியப்படும் அந்த மக்களைச் சட்டப்படி விடுவிக்கும் ஆணை 1871-ல் வந்தது. ஆணை வந்ததே தவிர ஒதுக்கல் போகவில்லை. ஷாமிசெனுக்கும் தாய்கோ என்ற பெருமுரசுக்கும் தோல் பதப்படுத்திக் கொடுத்த கைகள் அவர்களுடையவை. ஒசாகாவில் நானிவா என்ற பகுதி முரசு செய்யும் புராக்குமின் குடியிருப்பாக இன்றும் அறியப்படுகிறது. முரசு கோயிலுக்குள் போகும். செய்தவர் வெளியே நிற்பார். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வயலினுக்குத் தோல் கிடையாது. முழுக்க மரம். ஜப்பானில் அதற்குப் பரம்பரையும் கிடையாது. மேய்ஜி ஆட்சியில் மேற்கத்திய இசை பள்ளிகளுக்குள் வந்தபோது அதோடு வந்த கருவி அது. 1880-களின் கடைசியில் மசாகிச்சி ஒரு வயலினைப் பார்த்தார், இரவல் வாங்கி அளவெடுத்தார், அதைப் போலவே ஒன்றைச் செய்தார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கண்ணும் கையும்தான் ஆசான். பிறகு வயலினின் சுருள் தலையைச் செதுக்க இயந்திரமே கண்டுபிடித்துத் தொழிற்சாலை நிறுவினார். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வயலின் வருவது நின்றபோது உலகச் சந்தையில் நகோயா வயலின்கள் குவிந்தன.

இப்படி ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தொட்டிலிலேயே வயலின் வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. ஷினிச்சிக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வயலின் ஒரு விளையாட்டுச் சாமான். சண்டை வந்தால் அதை எடுத்து அடித்துக்கொள்வார்கள். அவரை வணிகப் பள்ளியில் சேர்த்தார்கள், கணக்கு எழுதப் பழக்கினார்கள். பதினேழு வயது வாக்கில் வீட்டுக்கு ஒரு கிராமபோன் வந்தது. மிஷா எல்மன் வாசித்த ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’ இசைத்தட்டைக் கேட்டார். தாம் பொம்மை என்று நினைத்த பெட்டியிலிருந்து இப்படி ஒரு குரல் வருமா என்று ஆடிப்போனதாகப் பிறகு எழுதுகிறார். தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, எல்மனின் இன்னொரு தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதைப் பார்த்து அல்ல, கேட்டுக் கேட்டு இழுத்துப் பழகினார். நம் ஊரில் இதற்குக் கேள்வி ஞானம் என்று பெயர். குரு இல்லாதவனிடம் இருக்கும் குறைப்பட்ட அறிவு என்ற தொனியில் அந்தச் சொல்லைச் சிலர் சொல்வதுண்டு. சுசுகியின் முறை முழுவதுமே இந்தக் கேள்வி ஞானத்திலிருந்து முளைத்தது.

வயலினுக்குப் பதினேழு வயது என்பது முதுமை. கச்சேரிக் கலைஞர்கள் ஐந்து, ஆறு வயதில் தொடங்கியவர்கள். சுசுகி டோக்கியோவில் ஆண்டோ கோ என்ற அம்மையாரிடம் கற்றார். அவர் பெர்லின் போய் யோவாகிம் என்ற மேதையிடம் பயின்றவர். அங்கிருந்து 1921-ல், டோக்குகாவா பிரபுவின் பயணத்தில் கூடவே கப்பலேறி, சுசுகியும் பெர்லின் சேர்ந்தார். மூன்று மாதம் தினமும் கச்சேரி கேட்பதே வேலை. ஒருநாள் கார்ல் கிளிங்லரின் நால்வர் குழு வாசித்ததைக் கேட்டு, என்னை மாணவனாக ஏற்பீர்களா என்று கடிதம் எழுதினார். வா என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. கிளிங்லரும் யோவாகிமின் மாணவர். விரல் வேகத்தை விட இசையின் உள்ளுயிர் என்ன என்பதில் கவனம் வைக்கும் ஆசிரியர். 1928-ல் ஜெர்மானியப் பெண்ணான வால்ட்ராடை மணந்து சுசுகி ஊர் திரும்பினார்.

இதில் ஒரு சர்ச்சையும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. சுசுகியின் ஜெர்மானியப் பயிற்சி அவர் சொன்ன அளவுக்கு இல்லை, பெர்லின் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்விலேயே 1923-ல் அவர் தேறவில்லை என்று அமெரிக்க வயலின் கலைஞர் ஒருவர் 2014-ல் எழுதிப் பெரிய விவாதமாயிற்று. சுசுகி தம் நூலில் தம்மைக் கிளிங்லரின் தனி மாணவன் என்றே சொல்கிறார். தேர்வில் தேறாதது உண்மையென்றால் அது அவருடைய பெருமையைக் குறைக்கும் என்று சிலர் பதறினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்வு அறையில் ‘இவனுக்கு வராது’ என்று முடிவு கட்டப்பட்ட ஒருவர் பிற்காலத்தில் யாருக்கும் நுழைவுத் தேர்வு வைக்காத ஆசிரியர் ஆனார் என்றால், அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். எந்தப் படிவத்திலும் ‘தேறவில்லை’ என்ற முத்திரை வாங்கியவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறோம்.

பெர்லினில் நடந்த இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். சுசுகிக்கு ஐன்ஸ்டைனின் பழக்கம் கிடைத்தது. அவரும் வயலின் வாசிப்பவர். ஒரு விருந்தில் சுசுகி வாசித்ததைக் கேட்ட மூதாட்டி ஒருவர், வேறொரு நாட்டில் வளர்ந்தவர் வாசிப்பில் ஜெர்மானியத் தன்மை எப்படி வந்தது என்று வியந்தாராம். மனிதர் எல்லாரும் ஒன்றுதானே அம்மா என்ற பொருளில் ஐன்ஸ்டைன் பதில் சொன்னதாகச் சுசுகி எழுதியிருக்கிறார். அந்த ஐன்ஸ்டைன் யூதர் என்பதால் சில ஆண்டுகளில் ஜெர்மனிக்குத் திரும்ப முடியாதவர் ஆனார். இரண்டாவது, கிளிங்லரைப் பற்றியது. அவருடைய நால்வர் குழுவில் செல்லோ வாசித்த எர்ன்ஸ்ட் சில்பர்ஸ்டைன் யூதர். ரத்தத்தை அளந்து ஆளை நீக்கச் சொன்ன நாஜி ஆட்சியில், அவரை நீக்கிவிட்டு வாசிக்க கிளிங்லர் மறுத்தார். 1936-ல் குழுவே கலைந்தது. அதே 1936-ல்தான் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலாக வந்தது. மனிதர்களை நான்கு பெட்டிக்குள் பிறப்பால் அடைக்க முடியாது, ஒவ்வொரு ஆளுக்குள்ளும் எண்ணிறந்த ஆற்றல்கள் உண்டு என்று பிளேட்டோவையும் வருணத்தையும் சேர்த்து வைத்து அம்பேத்கர் அதில் வாதாடுகிறார். சுசுகி அதைப் படித்தவரல்ல. ஆனாலும் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எந்தப் பக்கம் நின்றார் என்பது நமக்கு முக்கியம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சுசுகியிடம் ஒருவர் தம் நான்கு வயது மகனை அழைத்துவந்தார். தோஷியா எட்டோ என்ற அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று சுசுகிக்குத் தெரியவில்லை. அந்த வயதுக்குப் பாடமுறையே கிடையாது. யோசித்துக்கொண்டே இருந்தவருக்கு ஒருநாள் பொறிதட்டியது: ஜப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள்!

கேட்டவர்கள் சிரித்தார்கள். இதில் என்ன அதிசயம்? சுசுகிக்கு அதுதான் அதிசயம். ஒசாகா வட்டார வழக்கு கடினமானது. வெளியூர்ப் பெரியவருக்கு நாக்குப் புரளாது. ஆனால் ஒசாகாவில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஐந்து வயதில் அதைப் பிசகில்லாமல் பேசுகிறது. பள்ளியில் ‘மக்கு’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையும் பேசுகிறது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மொழியைக் கற்றுக்கொடுத்த முறையில் ஏதோ இருக்கிறது. பள்ளியில் கற்றுக்கொடுக்கும் முறையில் ஏதோ இல்லை. தாய்மொழி முறை என்று தம் கல்விக்கு அவர் பெயரிட்டது இதனால்தான்.

தோழர்களே, இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுத்தான் பள்ளியில் முதல் அவமானம் தொடங்குகிறது. ‘சேரிப் பாஷை’ என்கிறார்கள். அந்தப் பேச்சில் இருக்கும் வேகம், ஏற்ற இறக்கம், கிண்டல், ஒப்பாரியின் இழுவை, இவற்றை நான்கு வயதில் ஒரு பிள்ளை காதால் மட்டுமே வாங்கி நாக்கில் ஏற்றியிருக்கிறது. எது குறை என்று காட்டப்படுகிறதோ அதுவே திறமைக்குச் சாட்சி. பறையும் அப்படியே. வயிற்றில் இருக்கும்போதே அடியைக் கேட்ட பிள்ளை, நடக்கத் தொடங்கியதும் தகர டப்பாவில் அதைத் தேடுகிறது. அதை ரத்தம் என்கிறவர் அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கவில்லை.

சுசுகியின் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வயலின் தரமாட்டார்கள். முதலில் தாய்க்குத்தான் பாடம். ஒரு பாட்டையாவது தாய் வாசிக்கப் பழக வேண்டும். பிள்ளை வேடிக்கை பார்க்கும். மற்ற பிள்ளைகள் வாசிப்பதையும் பார்க்கும். வீட்டில் அதே பாட்டின் இசைத்தட்டு தினமும் ஓடும், சாப்பிடும்போதும் விளையாடும்போதும். யாரும் பிள்ளையைக் கேள் என்று உட்கார வைப்பதில்லை. சில வாரங்களில் பிள்ளையே தாயின் கையிலிருந்து பிடுங்கும்: நானும் வாசிக்கிறேன். அன்றுதான் அதன் கைக்கேற்ற சிறு வயலின் வரும். முழு அளவில் பதினாறில் ஒன்று என்று பெயரிட்ட பொடி வயலின் கூட உண்டு. முதல் பாட்டு எல்லாருக்கும் ஒன்றுதான், ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டு, வெவ்வேறு தாள அடிகளில். வீட்டில் பயிற்சி இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அதற்குமேல் பிள்ளை தாங்காது என்றால் நிறுத்திவிடலாம், ஆனால் நாளைக்கு இரண்டு மூன்று தடவை. எந்தெந்த நாளில் பயிற்சி என்று கேட்டால், சாப்பிடுகிற நாளில் மட்டும் என்பாராம்.

ஒரு பாட்டு வந்துவிட்டது, அடுத்ததைச் சொல்லிக்கொடுங்கள் என்று நின்றால் சுசுகி விடமாட்டார். இப்போதுதானே வாசிக்க வந்திருக்கிறது, இனிமேல்தான் பயிற்சி என்பார். ‘அம்மா’ என்று சொல்லக் கற்ற பிள்ளை அடுத்த சொல் வந்ததும் ‘அம்மா’வை விட்டுவிடுகிறதா? பழைய பாட்டுகள் எல்லாம் தினமும் வாசிக்கப்பட வேண்டும். அவற்றில்தான் ஓசை தேறும். பாட்டு உடம்பில் இறங்கிவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரு விளையாட்டு: பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, உனக்கு எத்தனை கால், எத்தனை கை என்று கேட்பார். வில்லை நிறுத்தாமல் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பாட்டு நாக்கைப் போல ஆகிவிட்டது என்று பொருள். இசைக்குறிப்பு படிப்பது பின்னால்தான், பேச்சு வந்த பிறகு எழுத்து வருவதைப் போல.

போர் எல்லாவற்றையும் கலைத்தது. தொழிற்சாலை கடல் விமானங்களுக்கு மரமிதவை செய்யும் ஆலையாக மாற்றப்பட்டது. சுசுகி மலைப்பகுதியில் மரம் தேடினார். வெளிநாட்டவர் என்பதால் வால்ட்ராட் தனியே ஹகோனேயில் இருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் 1946-ல் மாட்சுமோட்டோ என்ற மலையூரில் இசைப்பள்ளி தொடங்கினார்கள். டோக்கியோவில் மூன்று வயதில் அவரிடம் வந்த கோஜி தொயோதா என்ற பிள்ளை போரில் தாய் தந்தையை இழந்துவிட்டது என்று அறிந்து, வானொலி அறிவிப்பின் மூலம் தேடினார்கள். பதினோரு வயதுப் பையன் உறவினரின் மதுக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். மாட்சுமோட்டோவுக்குக் கொண்டுவந்து தம் வீட்டிலேயே வளர்த்தார். கடையில் பழகிய முரட்டு நடத்தை வீட்டில் இருந்தவர்களைச் சிரமப்படுத்தியதாம். சுசுகி பையனைத் திட்ட வேண்டாம், நாம் நம் நடத்தையை மாற்றிக்கொள்வோம் என்று வீட்டாரிடம் சொன்னார். அந்தப் பையன் பிற்காலத்தில் பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழுவின் முதல் வயலின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் வந்த நான்கு வயது எட்டோ அமெரிக்காவில் கர்ட்டிஸ் இசைக் கழகத்தில் பயின்று அங்கேயே ஆசிரியரானார்.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போது ஒரு தயக்கமும் வருகிறது. பேர் பெற்றவர்களைக் காட்டித்தான் ஒரு முறையை மெய்ப்பிக்க வேண்டுமா? சுசுகி அப்படி நினைக்கவில்லை. தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்குவது தம் நோக்கமல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1955-ல் டோக்கியோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். 1961-ல் டோக்கியோ வந்த செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் நூற்றுக்கணக்கான பொடிப் பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு அழுதுவிட்டார். 1964-ல் பத்துப் பிள்ளைகள் அமெரிக்கா போய் வாசித்தபோது, ஜப்பானில் பொறுக்கியெடுத்த மேதைகளோ என்று இசை ஆசிரியர்கள் சந்தேகப்பட்டார்கள். எந்திரப் பொம்மைகள் என்றும் சிலர் எழுதினார்கள். இந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒரே தட்டைக் கேட்டு ஒரே மாதிரி வாசிப்பதில் தனிக்குரல் எப்போது பிறக்கும் என்ற கேள்வியை அவருடைய ஆதரவாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் நூறு பிள்ளைகள் சேர்ந்து வாசித்தால் ‘எந்திரம்’, ஒரே குடும்பத்தில் நாலு தலைமுறை ஒரே பாணியில் வாசித்தால் ‘மரபு’ என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

நம் ஊரிலும் வயலினுக்கு அப்படியொன்றும் பூர்வ பாத்தியதை இல்லை. கோட்டைப் பட்டாளத்தோடும் துரைமார்களோடும் வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம்தான் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இதை நம் இசைக்குப் பழக்கியவர். கோயிலில் ஆடிய பெண்களுக்கு நட்டுவாங்கம் செய்த மரபில் வந்தவர். இருநூறு ஆண்டுக்கு முன் யாருடைய ரத்தத்திலும் இல்லாத கருவி, இன்று சிலருடைய ரத்தத்தில் மட்டும் ஓடுவதாகச் சொல்லப்படுகிறது. எல்லாரும் காதால் வாங்கியதுதான்.

இனிச் சுசுகியோடு நமக்கு இருக்கும் வழக்கு. அவருடைய முறை தாயை நம்பி நிற்கிறது. தாய் வகுப்புக்கு வர வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், வீட்டில் தினமும் கூட நிற்க வேண்டும். இசைத்தட்டு வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும். சூழல்தான் திறமையை உண்டாக்குகிறது என்று சரியாகச் சொன்னவர், அந்தச் சூழல் யாருக்கு எவ்வளவு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதற்குள் ஆழமாகப் போகவில்லை. பிறந்த நாளிலிருந்து பிள்ளைகளின் வளர்ப்பை அரசின் கொள்கையாக்குங்கள் என்று ஆட்சியாளர்களிடம் மன்றாடினார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விடிகாலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற தாய் எந்த நேரத்தில் வில் பிடித்துப் பழகுவார்? அன்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஓய்வு எல்லா வீட்டிலும் இல்லை.

இதற்கு ஒரு பதில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமிலிருந்து கிடைத்தது. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் ஏழைப் பகுதி. 1980 வாக்கில் ரொபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை, சொந்தமாக வாங்கி வைத்திருந்த ஐம்பது சிறு வயலின்களோடு அங்கே அரசுப் பள்ளிக்குப் போனார். சுசுகி முறைதான். ஆனால் வீட்டை நம்பாமல் பள்ளி நேரத்துக்குள்ளேயே வகுப்பு. சேர விரும்பிய பிள்ளைகள் இடத்தை விடப் பெருகியபோது குரல் சோதனையோ காது சோதனையோ வைக்காமல் குலுக்கல் போட்டார்கள். குலுக்கல் என்பது விளையாட்டல்ல. எந்தப் பிள்ளைக்கும் வரும் என்று நம்புகிறவர்தான் சீட்டுக் குலுக்க முடியும். 1991-ல் நிதியில்லை என்று கல்வித்துறை அந்த வகுப்பை நிறுத்தியது. பெற்றோர்கள் போராடினார்கள். 1993-ல் கார்னகி அரங்கில் நிதி திரட்டும் கச்சேரி நடந்தது; ஐசக் ஸ்டெர்னும் இட்சாக் பெர்ல்மனும் ஹார்லெம் பிள்ளைகளோடு நின்று வாசித்தார்கள். வகுப்பு பிழைத்தது. இசை வகுப்பைக் காப்பாற்ற ஒரு குடியிருப்பே தெருவுக்கு வந்த அந்தப் பகுதியைத்தான் நாம் மாணவர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம்.

சுசுகியிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. அவருடைய பள்ளிகளில் படிப்படியாகப் பட்டம் உண்டு. பிள்ளை ஒரு குறிப்பிட்ட பாட்டை வாசித்து ஒலிநாடாவில் பதிந்து மாட்சுமோட்டோவுக்கு அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான நாடாக்கள் வரும். சுசுகி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் அதே நாடாவில் தம் குரலில் பதில் பதிவார்: நன்றாக வாசித்தாய், முழங்கையை இப்படி வைத்துப் பார், இந்த இடத்தில் ஓசை இன்னும் ஆழமாக வரட்டும். அனுப்பியவர் எல்லாரும் தேறியவர்தான். முதியவர் ஒருவர் உங்கள் பிள்ளை வாசித்ததை இருட்டில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார் என்பதே பட்டம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அவர்கள் செய்த ஒன்றைக் கடைசி வரை ஒருவர் கேட்டார் என்ற அனுபவம் பள்ளியில் கிடைத்திருக்கிறது?

மன்றத்தின் நூலகத்தில் பழைய சிறு வயலின் நான்கு வாங்கி வைத்திருக்கிறோம். தந்தி மாற்றியாகிவிட்டது, இரண்டுக்கு வில்லில் முடி கட்ட வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, ஏழு மணிக்கு வகுப்பு. நுழைவுத் தேர்வு கிடையாது, ஆள் கூடினால் சீட்டுக் குலுக்குவோம். முதல் இரண்டு மாதம் தாய்மார்களுக்கு மட்டும்தான் பாடம். அம்மாவால் வர முடியாத வீட்டிலிருந்து அப்பாவோ ஆயாவோ அக்காவோ வரலாம். பிள்ளைகள் கூடவே வந்து வேடிக்கை பார்க்கட்டும்.